அத்தையின் இரத்தம் விரதம் இருந்த கதை

வள்ளியம்மா அத்தைக்குக் கொழுப்பு அதிகம் என்று ராவாங் டவுன் டாக்டர் சொன்ன செய்தி தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது யாரும் திடுக்கிடவில்லை.

"இதைச் சொல்லத்தான் அவ்வளவு படிச்சாரா? என்னைக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேன்லா" என்றார் பக்கத்து வீட்டுக் காளியம்மா.

லயத்தில் கொழுப்பு என்றால் அது வாயில் இருப்பது. அத்தையின் வாயில் அது இருப்பதற்கு, வேலையை மேற்பார்க்கிற மண்டோரிலிருந்து மீன்காரர் வரை சாட்சி உண்டு. உடம்பில் இருக்கும் என்றுதான் ஒருத்தரும் நினைக்கவில்லை. அத்தை துணி காயப்போடும் கம்பி மாதிரி இருப்பார். காற்றடித்தால் கம்பியாவது ஆடும். அத்தை ஆடமாட்டார்.

எங்கள் தோட்டம் ஈஜோக் பக்கம். முன்பு ரப்பர், இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை. ஆண்கள் குலையை வெட்டித் தள்ளுவார்கள். விழுந்த வேகத்தில் சிதறுகிற பழங்களைப் பொறுக்கிக் கோணியில் சேர்ப்பது அத்தையின் வேலை. ஒருநாள் மண்டோர் கோணிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "என்னாலா வள்ளியம்மா, பழத்தைவிட மண்ணு அதிகமா இருக்கு?" என்றார். "மரத்துகிட்ட சொல்லுங்க, தட்டுல விழச் சொல்லி" என்றார் அத்தை. அதற்குப் பிறகு மண்டோர் அத்தையின் கோணிக்குள் கையை விடுவதில்லை.

அத்தையின் கணவர் இருசப்பன் மாமா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர். போய் ஏழு வருஷமாகிறது. வேலை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. மகள் அமராவதிக்குப் பதினொரு வயது; தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. வீட்டில் மூன்றாவது ஆள் வாசு, அதாவது நான். அத்தையின் அண்ணன் செல்லனின் மகன். மூன்றாம் படிவத்தோடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. வாத்தியார் நாற்காலியில் மிளகாய் அரைத்துப் பூசியது நான் இல்லை என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னமும் யாரும் நம்புவதில்லை.

நான் அத்தை வீட்டுக்கு வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். அம்மா எனக்கு முகம் நினைவில் நிற்பதற்கு முன்பே போய்விட்டார். அப்பா ஒருநாள் குலையைத் தூக்கியவர், மூச்சு வாங்குகிறது என்று மரத்தடியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கருமாதி முடிந்த வாரம் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி வீட்டுச் சாவியைக் கேட்டு வந்தார். கிராணி மேல் தப்பில்லை. தோட்டத்து வீட்டை ஆளுக்குக் கொடுப்பதில்லை, வேலைக்குத்தான் கொடுப்பது. வேலை செய்கிற ஆள் போனால் கூரையும் கூடவே போகும். நான் சட்டி பானையோடு வாசலில் நின்றேன். அடுத்த லயத்திலிருந்து அத்தை வந்தார்.

"சாவியை நீங்க எடுத்துக்குங்க கிராணி. பையனை நான் எடுத்துக்கிறேன்."

அவ்வளவுதான் பேச்சு. எனக்கும் கிராணிக்கும் கணக்கு அன்றே முடிந்தது. அத்தைக்கு மட்டும் முடியவில்லை. நாற்பது வயது பக்கத்தில் வர வர, மழைநாளில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அத்தையிடமிருந்து ஒரு கேள்வி வரும்.

"எங்கண்ணனுக்குப் பின்னால நான் இருந்தேன். எனக்குப் பின்னால யாருடா இருக்கா?"

"நான் இருக்கேன்லா அத்தே."

"ஆமா. உன்னைப் பார்த்துக்க ஒரு ஆளு, அமராவதியைப் பார்த்துக்க இன்னொரு ஆளு. ரெண்டு ஆளு வேணும்."

எங்கள் குடும்பத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில், இமையோரத்தில், மஞ்சளாக ஒரு சின்ன மேடு. தாத்தாவுக்கு இருந்ததாம். அப்பாவுக்கு இருந்தது. அத்தைக்கு இரண்டு கண்ணிலும் உண்டு. தங்கப்பொட்டு என்போம். "ரெட்டைத் தங்கம்டி, ராசிக்காரி" என்று காளியம்மா சொல்லுவார். அந்த ராசி எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கலாம்.

போன வருஷம் ஆனி மாதம் அத்தை காப்புறுதிக்காரரை, இன்ஷூரன்ஸ் ஆளை, வரச் சொன்னார். அவர் பெயர் அழகேசன். கெர்லிங் பக்கம் தோட்டத்தில் பிறந்து ராவாங்கில் ஆபீஸ் வேலைக்குப் போனவர். கழுத்தில் டை. மோட்டார் சைக்கிளில் வரும்போது டையை முதுகுப் பக்கம் தூக்கிப் போட்டுக்கொள்வார், இறங்கியதும் முன்னால் இழுத்து விட்டுக்கொள்வார். லயத்துப் பையன்கள் அவருக்கு 'டை கட்டிய எமன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தது யார் என்று நீங்கள் கேட்கவேண்டாம்.

"இது நல்ல திட்டம்க்கா" என்று அழகேசன் படம் போட்ட தாளை விரித்தார். "இருபது வருஷம் கட்டுனீங்கன்னா, நீங்க உசுரோட இருந்தாலும் டுயிட் திரும்ப வந்துரும். போனஸ் வேற."

"உசுரோட இருந்தா உன் காசு எனக்கு எதுக்குய்யா? கையும் காலும் இருக்குல்ல? நான் செத்தா மட்டும் குடுக்கிறது ஒன்னு இருக்காமே, அதைக் காட்டு."

அழகேசனின் முகம் சுருங்கிவிட்டது. "டெர்ம் பாலிசி. இருக்கு. கட்டறதும் கம்மிதான். ஆனா அதுல நீங்க சாகலைன்னா ஒன்னுமே கிடைக்காதுக்கா."

"சாகலைன்னா நான் கிடைப்பேன்லா. அது உனக்கு ஒன்னுமில்லையா?"

காளியம்மா வேலைக்குக் கட்டிய துணியைக் கழற்றாமலே வாசலில் வந்து நின்றுவிட்டார். "அடியே, கட்டுன காசு திரும்பி வரலைன்னா நட்டம்டி. சாவும் வராது, காசும் வராது. அப்புறம் எதுக்கு?"

"நீ காய்த் தோட்டத்துக்கு முள்வேலி போட்டியே காளி, மாடு வரலைன்னதும் வேலி போட்டவன்கிட்ட போயி காசைத் திருப்பிக் கேட்டியா?"

காளியம்மா யோசித்தார். "மாடு வந்துச்சுடி. வெண்டைக்காயெல்லாம் போச்சு."

"அப்ப நல்ல வேலியா போட்டிருக்கணும்."

அத்தைக்கு வேண்டியது பத்து வருஷத்து வேலி. அமராவதிக்கு இருபது வயது ஆகிற வரைக்கும். அதற்குள் தனக்கு ஏதாவது ஆனால், கிராணி சாவி கேட்டு வருகிற அன்றைக்குப் பிள்ளைகள் போய் இறங்க ஈஜோக்கிலோ செரண்டாவிலோ ஒரு சின்ன வீடு வாங்குகிற அளவுக்குப் பணம் வரவேண்டும். அத்தையின் சம்பளத்தில் அவ்வளவு பெரிய தொகைக்குக் கட்டுப்படியாவது அந்தச் செத்தால்-மட்டும் திட்டம் ஒன்றுதான். அழகேசன் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார்.

"அப்பா எப்படிக்கா இறந்தாரு?"

"நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு."

"வயசு?"

"நாப்பத்திரண்டு."

"கூடப் பிறந்தவங்க?"

"ஒரு அண்ணன். அவரும் அப்படியேதான். நாப்பது."

பேனா நின்றது. அழகேசன் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, அப்பாவுக்குக் காய்ச்சல்னு போட்டுரலாமா? அண்ணனுக்குப் பாம்பு. தோட்டம்தானே, நம்பிருவாங்க."

"எங்கண்ணனைப் பாம்பு கடிச்சா பாம்புதான்யா சாவும்."

"இல்லக்கா, இதை அப்படியே எழுதுனா கம்பெனிக்காரன் பயப்படுவான்."

"பயப்படட்டும். நல்லா யோசிச்சுப் பாரு. பொய் சொல்லி வாங்கிட்டு நான் போயிச் சேர்ந்துட்டேன்னு வை. அப்புறம் அவன் தோண்டிக் கண்டுபிடிச்சு, காசு தரமாட்டேன்னுவான். அன்னிக்கு சுடுகாட்டிலேர்ந்து எழுந்து வந்து நானா வாதாடப் போறேன்? இந்த ரெண்டுக்கும் வாதாடத் தெரியாது. எந்தச் சண்டையா இருந்தாலும் நான் உசுரோட இருக்கும்போதே முடிச்சிக்கணும்."

அழகேசன் இரண்டு நெஞ்சுவலியையும் உள்ளபடியே எழுதினார். கடைசியில், பணம் யாருக்குப் போய்ச் சேரவேண்டும் என்று கேட்டார். அமராவதி, மகள். அடுத்து வாசு.

"வாசு உங்களுக்கு என்ன வேணும்க்கா?"

"மகன்னு எழுது."

"அண்ணன் மகன்னுதானே எழுதணும்? பொய் எழுதக்கூடாதுன்னு இப்பத்தான் சொன்னீங்க."

அத்தை வாய்ச்சண்டையில் தோற்றதை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தேன். தாளை அழகேசன் பக்கம் தள்ளினார்.

"சரி. அண்ணன் மகன்னு எழுது. ஆனா சின்னதா எழுது."

நான் வெளியே போய்க் காளியம்மாவின் சேவலைக் கல்லால் அடித்தேன். சேவல் ஒரு தப்பும் செய்யவில்லை.

எழுதின உண்மைக்குப் பலன் உடனே வந்தது. கம்பெனி, இந்த அம்மாவின் இரத்தத்தைப் பார்க்கவேண்டும் என்றது. ராவாங்கில் அவர்கள் சொல்கிற டாக்டரிடம் போகவேண்டும், வெள்ளிக்கிழமை காலையில். செய்தி சொல்ல வந்த அழகேசன், எந்நேரமும் பாதி இங்கிலீஷில் பேசுகிறவர், அத்தைக்குப் புரியவேண்டுமே என்று அன்றைக்கு மட்டும் நல்ல தமிழில் பேசினார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

"அக்கா, இரத்தப் பரிசோதனைக்கு விரதம் இருந்துட்டுப் போகணும்."

"விரதமா? அதுக்கென்ன? ஆடி வெள்ளிதானே, எப்படியும் இருப்பேன்" என்றார் அத்தை.

செவ்வாய்க்கிழமையே வீட்டில் மீன் சட்டியைக் கவிழ்த்துவிட்டார். முட்டைகூடக் கிடையாது. அமராவதியையும் என்னையும் கேட்காமலே விரதத்தில் சேர்த்துக்கொண்டார். நான் பக்கத்துக் கிராமத்து மலாய்க் கம்பத்துக் கடையில் கோழி தின்றுவிட்டு வந்தேன் என்று காளியம்மா மோந்து பார்த்துச் சொன்னபோது, கோவில் குழாயடியில் நிற்கவைத்து என் தலையில் தண்ணீர் ஊற்றினார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளித்து, மாரியம்மனுக்கு விளக்கேற்றி, விரதத்தை முறையாக முடித்தார். முறை என்றால் எங்கள் லயத்து முறை. முற்றின தேங்காய் மூன்றை உடைத்துக் கெட்டிப் பால் பிழிந்து ஊற்றிய சவ்வரிசிப் பாயாசம். அதன் மேல் நெய்யில் வறுத்த முந்திரி. எண்ணெய் சொட்டுகிற வடை. சாமிக்குப் படைத்ததை மிச்சம் வைக்கக்கூடாது என்பதால் இரண்டு கிண்ணம். பிறகு பஸ் ஏறினோம்.

கிளினிக்கில் மலாய்க்கார நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, "சுடா புவாசா, மாச்சே?" என்று கேட்டார். விரதம் இருந்தாயிற்றா, அம்மா?

"சுடா!" என்றார் அத்தை, நெஞ்சை நிமிர்த்தி. மூன்று விரலைக் காட்டினார். "தீகா ஹாரி!"

மூன்று நாளா! நர்ஸின் கண் விரிந்தது. ஓடிப்போய் முதுகு சாய்கிற நாற்காலி ஒன்றை இழுத்து வந்து அத்தையை உட்காரவைத்தார். கையைத் தடவிக்கொடுத்தபடியே இரத்தம் எடுத்தார். முடிந்ததும் தம் காசில் ஒரு மைலோ வாங்கி வந்து, மெதுவாக, மெதுவாக என்று குடிக்க வைத்தார். "ரொம்ப நல்ல பொண்ணு. மரியாதை தெரிஞ்சவ" என்று வீடு வந்து சேரும் வரை அத்தை சொல்லிக்கொண்டே வந்தார்.

அழகேசன் மறுபடி வந்தபோது டையை முன்னால் இழுத்துவிட மறந்துவிட்டார்.

"கம்பெனி இப்போதைக்கு வேணாம்னுருச்சுக்கா."

"ஏனாம்?"

"இரத்தத்துல கொழுப்பு. ரெண்டு விதக் கொழுப்பு பார்ப்பாங்களாம், ரெண்டுமே அதிகம். ஒன்னு அவங்க பார்த்தே இராத அளவுக்கு இருக்காம். இரத்தத்தைக் கொஞ்ச நேரம் நிக்க வெச்சா மேலே பால் மாதிரி மிதக்குதாம்."

"பால்குடம் எடுத்த உடம்புலா. வேற என்ன மிதக்கும்?" என்றார் காளியம்மா.

நான் சிரித்தேன். அத்தை சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அத்தை அமராவதியை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டார். அரிசிக்கு மேல் தண்ணீர் எந்த விரல் கோடு வரைக்கும் நிற்கவேண்டும் என்று காட்டினார். பிறப்புச் சான்றிதழான சூராவும் அடையாளக் கார்டும் பிஸ்கட் டின்னில் இருக்கிறது என்று காட்டினார். அமராவதி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "நீ எங்கம்மா போறே?" என்று கேட்டாள்.

"எங்கேயும் போகலை. சோறு குழையாம வடிக்கக் கத்துக்க."

அந்த நேரம் பார்த்துக் கிராணி சைக்கிளில் லயத்தைத் தாண்டிப் போனார். சும்மாதான் போனார். அத்தை சைக்கிள் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அன்றைக்கு யாரையும் கிண்டல் செய்யவில்லை. எனக்குக் காய்ச்சலா என்று காளியம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

காலையில் அத்தை பழைய அத்தையாக எழுந்தார். "என் இரத்தம் பாலா? அதை என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லட்டும். டேய், கிளம்பு" என்றார். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ராவாங் பஸ் பிடித்தார்.

டாக்டர் வயதான சீனர். மலாயில்தான் பேச்சு. அத்தை சண்டைக்கு வாயைத் திறப்பதற்குள் அவர் அத்தையின் முகத்தருகே குனிந்து இரண்டு கண்ணோரத்தையும் பார்த்தார்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

"அதுவா? அது எங்க குடும்பத்துத் தங்கம்."

"தங்கம் இல்லை அம்மா. கொழுப்பு. இரத்தத்தில் அதிகமாக இருப்பது சில பேருக்குத் தோலுக்கு வெளியே வந்து நிற்கும்." பிறகு கேட்டார்: "வீட்டில் வேறு யாருக்கு இது உண்டு?"

அதை அத்தை சொல்லவேண்டியிருக்கவில்லை. கம்பெனித் தாளில் தாத்தாவும் அப்பாவும் இறந்த வயது எழுதியிருந்தது. அத்தையின் கை தானாக எழுந்து கண்ணோரத்தைத் தொட்டது. நாங்கள் அதிர்ஷ்டம் என்று காட்டிக்கொண்டிருந்ததுதான் என் அப்பாவை மரத்தடியில் உட்காரவைத்திருக்கிறது. நான் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். குண்டுக் குழந்தை. நல்ல குழந்தை.

முதலில் பேசினது அத்தைதான். "சரி, அது எங்க பரம்பரைச் சொத்து. ஒத்துக்கிறேன். அந்தப் பால் எங்கேயிருந்து வந்துச்சு?"

டாக்டர் தாளைத் திருப்பினார். "அதுதான் எனக்கும் புரியவில்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்குத்தான் இரத்தம் இப்படி இருக்கும்."

நர்ஸ் குறுக்கே பாய்ந்தார். "இல்லை டாக்டர்! இந்த மாச்சே மூன்று நாள் புவாசா!"

"ஆமா, மூணு நாள்" என்றார் அத்தை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். நர்ஸ் அத்தையின் பக்கம் திரும்பி, அன்றைக்குக் காலையில் வாயில் ஒன்றும் படவில்லையே என்று கேட்டார். ஒளிக்க என்ன இருக்கிறது? அத்தை தமக்குத் தெரிந்த மலாயில் வரிசையாகச் சொன்னார். மூன்று தேங்காய், சவ்வரிசி, நெய், முந்திரி. எத்தனை கிண்ணம் என்பதையும் மறைக்கவில்லை. வடைக்கு வந்தபோது நர்ஸ் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"மாச்சே! அது புவாசா இல்லை, கெண்டுரி!"

கெண்டுரி என்றால் அவர்கள் வீட்டுக் கல்யாண விருந்து. நர்ஸ் சிரித்த சிரிப்பில், மருந்து வாங்க நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தார். முடியவில்லை.

அத்தைக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்கள் விரதம் என்றால் எச்சிலைக்கூட விழுங்கமாட்டார்கள். நம்முடைய விரதத்தில் மீன் ஒன்றுதான் பட்டினி. அத்தை கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"உங்க சாமி பசி தாங்கும். எங்க மாரியம்மா தாங்கமாட்டா" என்றார். "இப்ப சொல்லுங்க. எப்படி இருக்கணும்? அப்படியே இருந்துட்டு வர்றேன். மறுபடி குத்துங்க."

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இரத்தம் கொடுக்கிற நாள் காலையில் காளியம்மா வழக்கம் போலத் தேநீர்க் குவளையோடு வந்தார்.

"வேணாம் காளி. விரதம்."

"இது என்னடி விரதம்? விளக்கும் இல்ல, பூவும் இல்ல."

"இது கம்பெனிக்கு இருக்கிற விரதம். கம்பெனிக்குப் பூ பிடிக்காதாம்."

பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் ரொட்டி சானாய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். குழம்பு வாசம் பின்சீட்டு வரைக்கும் வந்தது. அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வயிறு கத்தியது எனக்கே கேட்டது. "தவளை கத்துது அத்தே, மழை வரும்போல" என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது. அடியில் பழைய பலம் அப்படியே இருந்தது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் சொன்னேன்.

இந்தத் தடவை பால் மிதக்கவில்லை. சாப்பாட்டால் ஏறின கொழுப்பு இறங்கிவிட்டது. பரம்பரைக் கொழுப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதுவும் அதிகம்தான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். தேங்காய்ப்பால், நெய், ஈரல், முட்டை மஞ்சள் எல்லாவற்றையும் குறைக்கவேண்டும். ஒரு மருந்து எழுதித் தந்தார். சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து காட்டவேண்டும். இருதயத்தையும் மெஷினில் போட்டுப் பார்த்தார், அது சுத்தமாக இருந்தது. முதல் சோதனை சாப்பிட்ட பிறகு எடுத்தது, அதைக் கணக்கில் வைக்கவேண்டாம் என்று கம்பெனிக்கும் எழுதினார். நாங்கள் எழுந்தபோது என்னைப் பார்த்து, "இவனுக்கும் ஒருநாள் பார்க்கவேண்டும்" என்றார். "கூட்டியாறேன்" என்றார் அத்தை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆவணி கடைசியில் அழகேசன் வந்தார். டை முன்னால் இருந்தது.

"கிடைச்சிருச்சுக்கா! பத்து வருஷம், நீங்க கேட்ட தொகை. ஆனா ஒரு சின்ன விஷயம். மத்தவங்க கட்டறதைவிடப் பாதி பங்கு கூடக் கட்டணும். கொலஸ்ட்ரால் இருக்கிறதால லோடிங் போட்டிருக்காங்க."

"லோடிங்னா பழ லோரியில ஏத்தறதுலா?"

"அதே மாதிரிதான்க்கா. ஆபத்து கூட இருந்தா பாரம் கூட ஏத்துவாங்க."

அத்தை மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தார். சனிக்கிழமை டவுன் போகாவிட்டால் போகிறது, தீபாவளிக்கு எனக்குச் சிலுவார் இல்லாவிட்டால் போகிறது என்று கணக்குப் போட்டிருக்கவேண்டும், என் காற்சட்டையை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏத்து. இது பாரம் தாங்குற லோரிதான்."

அழகேசன் காதைச் சொறிந்தார். "அக்கா, அந்த விரத விஷயம் என் தப்புதான். இனிமே எல்லார்கிட்டயும் ஃபாஸ்டிங்னே சொல்லிடறேன்."

"அதுவும் வேணாம். பட்டினின்னு சொல்லு. நம்ம ஆளுங்களுக்கு அது நல்லாப் புரியும்."

காளியம்மா விட்டபாடில்லை. "அப்ப பத்து வருஷம் கழிச்சு நீ குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்தா, இத்தனையும் கம்பெனிக்கா?"

"ஆமாடி. பந்தயம்தானே? நான் சாவேன்னு நான் காசு கட்டறேன், சாகமாட்டேன்னு கம்பெனி கட்டுது. கம்பெனிதான் ஜெயிக்கணும். தோக்கத்தான்லா நான் விளையாடறேன்." அழகேசன் பக்கம் திரும்பினார். "பத்தாவது வருஷம் முடியற அன்னிக்கு வா தம்பி. நீ ஜெயிச்சதுக்குப் பாயாசம் போடறேன்."

"தேங்காய்ப்பால் இல்லாமதானேக்கா?"

"ஒருநாளைக்கு ஒன்னும் ஆவாது."

இதற்குப் பிறகு எங்கள் லயத்தில் ஒரு மர்மம் ஆரம்பித்தது. எங்கள் வீட்டுத் தேங்காய் காணாமல் போகத் தொடங்கியது. அத்தை தென்னையடியில் பொறுக்கி வைப்பார், காலையில் இருக்காது. கம்பத்துக் கடையில் வாங்கி அடுப்பங்கரையில் வைப்பார், திரும்பிப் பார்த்தால் இருக்காது. நெய் போத்தலுக்குக் கால் முளைத்துக் காளியம்மா வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே யாருக்கும் தங்கப்பொட்டு இல்லை. குரங்கு என்றார் காளியம்மா. குரங்கு நெய் தின்னுமா என்று அமராவதி கேட்டாள். அவள் ரொம்பக் கேள்வி கேட்பாள்.

அத்தை மட்டும் யாரையும் கேட்கவில்லை. தேங்காய் இல்லாமல் மீன் குழம்பு வைக்கப் பழகிக்கொண்டார். முதல் மாதம் அது வாயில் வைக்க முடியாமல் இருந்தது. நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இந்த வருஷம் டாக்டரிடம் காட்டியபோது, கொழுப்பு இறங்க ஆரம்பித்திருக்கிறது என்றார். என் இரத்தத்தையும் எடுத்தார். பட்டினியாகத்தான் போனேன். எனக்கும் கொஞ்சம் இருக்கிறதாம். இந்த வயதில் தெரிந்துகொண்டது நல்லது என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அத்தை வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"டேய், நம்ம வீட்டுத் தேங்காய்த் திருடனைப் பார்த்தியா?"

"இல்லையே அத்தே."

"பார்த்தா சொல்லு. இன்னும் ஒன்பது வருஷம் நல்லாத் திருடட்டும்னு. பத்தாவது வருஷம் மூணு தேங்கா மட்டும் விட்டு வெக்கச் சொல்லு. பாயாசத்துக்கு."

"ரெண்டு போதும் அத்தே" என்றேன்.